மும்பை சரண்ஜித் சிங்கும் எங்கள் சின்னண்ணனும்



போன மாதம் மாடர்ன் தியேட்டர்ஸ் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, அடுத்து ஏற்காடு காபித் தோட்டங்களைப் பற்றி எழுதுங்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். அதற்கு முன் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள். எங்கள் குடும்பத்தார் மட்டும் கடைசிவரை கட்டாயம் படித்துவிடுங்கள், உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது.

பத்து நாளைக்கு முன்பு சின்னண்ணன் மகன் பெங்களூரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு அனுப்பினான். பாட்டு என்றால் பாட்டில்லை, வாத்திய இசை. கூடவே ஒரு வரி: "அத்தை, அப்பா வாசிச்சது இப்படித்தான் இருக்குமா?"

முதல் முறை கேட்டபோது பாதியில் நிறுத்திவிட்டேன். 'டும் டும் டும் டும்' என்று ஒரே அடி. கல்யாண மண்டப வாசலில் சீரியல் செட் விளக்கோடு கேட்கிற மாதிரி இருந்தது. மறுநாள் காலை வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்த பிறகு மறுபடி போட்டேன். இந்த முறை அடியை விட்டுவிட்டு அதன் மேல் போகிற மெட்டைக் கவனித்தேன். ஹிந்தோளம்! பஞ்சமமும் ரிஷபமும் இல்லாத, பிசகாத ஹிந்தோளம். வடக்கே அதற்கு மால்கௌன்ஸ் என்று பெயர். அடுத்ததைப் போட்டால் மோகனம். அதற்கு அங்கே பூபாளி. நம் ஊர் பூபாளம் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு இட்லி ஆறிப்போனது.

அந்த இசைத்தட்டு 1982ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வாசித்தவர் பெயர் சரண்ஜித் சிங். இசைத்தட்டின் பெயர் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. பத்து ராகங்கள், டிஸ்கோ தாளத்தில். பெயரிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் மனிதர். சங்கீதம் தெரிந்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டே முகம் சுளித்திருப்பார்கள். டிஸ்கோ ஆடுகிற பிள்ளைகளோ ராகம் என்றதும் ஓடியிருப்பார்கள். ஆக, இரண்டு பக்கமும் வாங்க ஆளில்லை.

யார் இந்த சரண்ஜித் சிங்? 1940இல் பிறந்தவர். பம்பாயில் சினிமா இசைக்குழுக்களில் வாசித்துப் பிழைத்தவர். ஷங்கர்-ஜெய்கிஷன், எஸ்.டி. பர்மன், ஆர்.டி. பர்மன், லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் என்று அந்தக் காலத்துப் பெரிய இசையமைப்பாளர்கள் எல்லோருக்கும் வாசித்திருக்கிறார். கிடார், பாஸ் கிடார், கீபோர்டு எல்லாம் வரும். நாம் ரேடியோவில் கேட்டு மயங்கிய இந்திப் பாடல்கள் எத்தனையோவற்றில் அவர் விரல் இருக்கிறது. பெயர்தான் எங்கும் இருக்காது. இசைத்தட்டு உறையில் இசையமைப்பாளர் பெயர் வரும், பாடியவர் பெயர் வரும், எழுதியவர் பெயர்கூட வரும். வாசித்தவர் பெயரை யார் போடுவார்கள்? நம் சென்னை ஸ்டூடியோக்களிலும் அதே கதைதான். ரெக்கார்டிங் இல்லாத நாட்களில் சொந்தக் குழு வைத்துக்கொண்டு கல்யாண வரவேற்புகளில் சினிமாப் பாட்டு வாசிப்பார். சினிமாப் பாடல்களைக் கருவியில் வாசித்துத் தனி இசைத்தட்டுகளும் போட்டிருக்கிறார்.

இனி அவர் கைக்கு வந்த மூன்று கருவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வகுப்பில் படித்தவர்களுக்குத் தெரியும், ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமல் நான் அடுத்த பாடத்துக்குப் போகமாட்டேன்.

ஜப்பானில் ஒசாகா நகரத்தில் இகுதாரோ ககேஹாஷி என்பவர் 1972இல் ரோலண்ட் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அந்தக் கம்பெனி 1980இல் டிஆர்-808 என்று ஒரு தாளப் பெட்டி வெளியிட்டது. தோலும் கிடையாது, குச்சியும் கிடையாது. உள்ளே இருக்கிற மின்சுற்றே டிரம் சத்தத்தை உண்டாக்கும். ஒரு வரிசையில் பதினாறு பட்டன்கள். எந்த பட்டனை அழுத்தி வைக்கிறோமோ அந்த இடத்தில் அடி விழும். ஆதி தாளத்து எட்டு அட்சரத்தை இரண்டு மடங்காக்கினால் பதினாறு, சரிதானே? நான்காய்ப் பிரிகிற எந்தத் தாளமும் அதில் அடங்கும்.  இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பெட்டியில் சில ஒலிகளுக்கு வேண்டிய 'உஸ்ஸ்' என்ற இரைச்சலுக்காக, பழுது என்று ஒதுக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கிப் போட்டார்களாம். ககேஹாஷியே சொல்லியிருக்கிறார். டிரான்சிஸ்டர் தயாரிப்பு திருந்தித் திருந்தி, கெட்டுப்போன டிரான்சிஸ்டர் கிடைக்காமல் போனதும் 808ஐ நிறுத்த வேண்டியதாகிவிட்டது. சின்னண்ணன் இருந்திருந்தால் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

இரண்டாவது கருவி, 1981 கடைசியில் வந்த டிபி-303. சின்ன வெள்ளிநிறப் பெட்டி. கிடார் வாசிக்கிறவர் தனியாகச் சாதகம் பண்ணும்போது, பின்னால் பாஸ் கிடார் வாசிக்க ஆளில்லையே என்ற குறையைத் தீர்க்கச் செய்தது. அதிலும் பதினாறு அடிகள். எழுதி வைத்த சுரங்களை அலுக்காமல் திரும்பத் திரும்ப வாசிக்கும். ஆனால் அதன் சத்தம் பாஸ் கிடார் மாதிரியே இல்லை. ரப்பரை இழுத்து விடுகிற மாதிரி ஒரு சத்தம். சுரங்களை அதில் ஏற்றுவதும் பெரிய தலைவலி. யாரும் வாங்கவில்லை, 1984இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் இரண்டு சுரங்களை இழுத்துச் சேர்க்கிற ஒரு வசதி அதில் இருந்தது. கமகம் என்று சொல்லமாட்டேன், கமகம் மனிதர் விரலில் இருந்து வர வேண்டும். ஜாரு என்று சொல்லலாம்.

மூன்றாவது ஜூபிடர்-8. அதுவும் 1981. ஒரே நேரத்தில் எட்டு சுரங்கள் வாசிக்கக்கூடிய பெரிய சிந்தசைசர். அமெரிக்காவில் ஐயாயிரம் டாலருக்கு மேல் விலை. கல்யாணக் கச்சேரி வாசிக்கிற ஒருவர் இதை வாங்குவதென்றால், வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இந்த மூன்றையும் ஒன்றோடொன்று தாளம் தப்பாமல் ஓடவைத்தார் சரண்ஜித் சிங். இன்று கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள மிடி என்ற பொது மொழி இருக்கிறது. அது வந்ததே 1983இல்தான். இவர் செய்தது அதற்கு முன்பு. அந்த நேரத்தில் நாடெங்கும் டிஸ்கோ. 1980இல் 'குர்பானி' படத்தில் நாஜியா ஹசன் பாடிய பாட்டு, 1981இல் அவருடைய 'டிஸ்கோ தீவானே', 1982 கடைசியில் பப்பி லஹரியின் 'டிஸ்கோ டான்ஸர்'. நாஜியாவின் பாட்டுக்கு இசை போட்ட பித்து நம் பக்கத்து பெங்களூர்க்காரர். தமிழிலும் 1982இல் 'சகலகலா வல்லவன்' புத்தாண்டுப் பாட்டு வந்தது. இன்றுவரை டிசம்பர் 31 இரவு அது இல்லாமல் விடிவதில்லை. சினிமா முழுக்க டிஸ்கோவாக இருக்கிறதே, அந்த அடியை மட்டும் எடுத்துக்கொண்டு தபலாவை விட்டுவிட்டு ராகம் வாசித்தால் என்ன என்று தோன்றியது, வாசித்தேன் என்று பின்னாளில் ஒரு பேட்டியில் சாதாரணமாகச் சொன்னார்.

பத்து ராகங்கள்: பைரவி, லலித், பூபாளி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி. நம் கணக்கில் யமன் ஏறக்குறைய கல்யாணி, கலாவதி வலஜி, பைராகி ரேவதி. அவர்கள் தோடி நம் சுபபந்துவராளி. நம் தோடியின் சுரங்களோ அவர்கள் பைரவியில் இருக்கும். இந்தப் பெயர்க் குழப்பத்தை எனக்கு விளக்கியது, எங்கள் தெரு பஜனை மடத்தில் ஆர்மோனியம் வாசித்த ஒரு பெரியவர். முறையாக நான் சங்கீதம் படித்ததில்லை. மடத்தில் மார்கழி முழுக்க உட்கார்ந்து கேட்டுப் பிடித்துக்கொண்டதுதான். ஆகவே வித்துவான்கள் யாராவது இதைப் படித்தால் திருத்துங்கள்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. அந்த 303 பெட்டி கீழே ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. முதலில் எரிச்சலாக இருக்கும். நாலாவது நிமிடத்தில் அது தம்புராவின் வேலையைப் பார்க்கிறது என்று புரியும். ஷட்ஜத்தை நம் காதில் நட்டு வைக்கிறது. மேலே ஜூபிடர் ராகத்தைப் பாடுகிறது. மேலை இசையில் ஒருவர் சிந்தசைசர் வாசித்தால் இரண்டு நிமிடத்தில் சுருதி மாற்றியோ கார்டு மாற்றியோ ஏதாவது வித்தை காட்டுவார். இவர் ராகத்தை விட்டு ஒரு அடி வெளியே வைப்பதில்லை. இயந்திரமும் ராகமும் இரண்டுமே 'நகராதே, இங்கேயே சுற்று' என்று சொல்கிற விஷயங்கள் என்று கண்டுபிடித்த முதல் ஆள்களில் இவர் ஒருவர். கச்சேரி ரசிகர்கள் அடிக்க வரலாம். இது என் அபிப்பிராயம்.

ஹெச்.எம்.வி. அந்த இசைத்தட்டை வெளியிட்டது. ரேடியோவில் கொஞ்சம் ஒலித்தது. விற்கவில்லை. அவ்வளவுதான், முடிந்தது. சரண்ஜித் சிங் பழையபடி கல்யாணத்துக்கு வாசிக்கப் போய்விட்டார்.

இங்கே கொஞ்சம் அமெரிக்கா போய்விட்டு வருவோம். டிபி-303 பெட்டிகள் விலை போகாமல் பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. சிகாகோவில் கறுப்பின இளைஞர்கள் மூன்று பேர், டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே என்று பெயர், அதில் ஒன்றை மலிவாக வாங்கினார்கள். எப்படி இயக்குவது என்று தெரியாமல் அதன் திருகுகளைத் தாறுமாறாகத் திருப்பினார்கள். அந்த ரப்பர் சத்தம் கூவியது, அலறியது, குமிழியிட்டது. அதையே பதிவு செய்து, ஃப்யூச்சர் என்ற பெயரில் 1987இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்று வெளியிட்டார்கள். அதிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்று ஒரு இசை வகையே பிறந்து இங்கிலாந்து வரைக்கும் பரவியது. கம்பெனி கைவிட்ட பெட்டிக்கு மவுசு வந்து, விலை பல மடங்கு ஏறியது.

அதற்கு ஐந்து வருடம் முன்பே பம்பாயில் ஒருவர் அதே பெட்டியையும் அதே தாளப் பெட்டியையும் வைத்து, ஏறக்குறைய அதே மாதிரி ஒன்றைச் செய்து முடித்திருந்தது யாருக்கும் தெரியாது.

2002இல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர், பழைய இந்திய இசைத்தட்டுகள் சேர்ப்பவர், டெல்லியில் ஒரு கடையில் இந்தத் தட்டைப் பார்த்து வாங்கினார். ஊருக்குப் போய்க் கேட்டிருக்கிறார், காதை நம்ப முடியவில்லை. சரண்ஜித் சிங்கைத் தேடிக் கண்டுபிடித்து, 2010இல் தன்னுடைய பாம்பே கனெக்‌ஷன் நிறுவனத்தில் மறுபடி வெளியிட்டார். அங்கே ஒரு கலாட்டா. இது போலி, யாரோ இக்காலத்து ஆள் செய்துவிட்டு 1982 என்று ஏமாற்றுகிறான் என்று சிலர் எழுதினார்கள். இங்கிலாந்தின் ஏஃபெக்ஸ் ட்வின் என்ற இசைக்காரரின் குறும்பு என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். ஒரு சர்தார்ஜி கிழவர் இதைச் செய்திருப்பார் என்பதைவிட, ஒரு வெள்ளைக்காரர் சர்தார்ஜி மாதிரி நடித்திருப்பார் என்பது அவர்களுக்குச் சுலபமாக நம்ப முடிந்தது பாருங்கள்!

பத்திரிகைக்காரர்கள் வந்து கேட்டார்கள், 'ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் நீங்களா' என்று. அவருக்கு ஆசிட் ஹவுஸ் என்றால் என்னவென்றே தெரியாது. இந்த இடத்தில் நாம் நிதானமாக இருக்க வேண்டும். 'எல்லாம் இந்தியாவில்தான் முதலில் தோன்றியது' என்று மார்தட்டும் செய்தியாக இது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அப்படியில்லை. சிகாகோ பிள்ளைகள் இவரைக் கேட்டு எதுவும் செய்யவில்லை, இவர் பெயரே அவர்களுக்குத் தெரியாது. ஒரே புள்ளிகளை வைத்துவிட்டு, இரண்டு வீட்டுப் பெண்கள் தனித்தனியே கோலம் போட்டால் சில இழைகள் ஒன்றாக வராதா, அப்படித்தான். அவர்கள் கோலம் அவர்களுடையது, இவர் கோலம் இவருடையது.

எழுபது வயதைக் கடந்தபின் அவருக்கு மேடை கிடைத்தது. 2012க்குப் பிறகு ஐரோப்பிய நகரங்களில், பேரப்பிள்ளை வயதுக்காரர்கள் முன்னால் அதே ராகங்களை அதே ஜூபிடரில் வாசித்தார். வீடியோ இருக்கிறது, பாருங்கள். சட்டை எல்லாம் ஒழுங்காக, வங்கி மேனேஜர் மாதிரி நிற்கிறார். முகத்தில் பெரிய சிரிப்பெல்லாம் இல்லை. முன்னால் ஜனம் குதிக்கிறது. 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.

இவருக்கு முன்பே நம் நாட்டில் இன்னொரு முயற்சி நடந்திருக்கிறது. அதையும் இந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன். அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறதல்லவா, சாராபாய் குடும்பத்தார் முயற்சியில் 1961இல் வந்தது, அங்கே 1969இல் ஒரு மின்னணு இசைக்கூடம் அமைத்தார்கள். டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் வந்து மூக் சிந்தசைசரை நிறுவிக் கொடுத்தார். சுவர் அலமாரி மாதிரி இருக்கும் அது. அந்தக் குடும்பத்து கீதா சாராபாய் 1940களிலேயே நியூயார்க் போய், ஜான் கேஜ் என்ற பெரிய இசையமைப்பாளருக்கு நம் இசையைக் கற்றுக்கொடுத்து அவரிடம் மேலை இசை கற்றவர். கீதாவும், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அந்தக் கூடத்தில் இசை செய்து நாடாவில் பதிந்தார்கள். சில வருடங்களே ஓடியது, 1972வாக்கில் நின்றுவிட்டது. நாடாக்கள் அலமாரியில் கிடந்தன. கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து, பால் பர்காஸ் என்ற இங்கிலாந்து இசைக்கலைஞர் அந்த நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் அவற்றைக் கண்டு, எண்முறைக்கு மாற்றவைத்து, 2023இல் தொகுப்பாக வெளியிட்டார். அரை நூற்றாண்டு அந்த நாடாக்கள் மேல் வேறு எதையும் யாரும் பதிந்துவிடவில்லை. நாடாவுக்குப் பஞ்சம் இருந்த காலத்தில் அது பெரிய விஷயம்.

நம் தமிழ்நாட்டில் 1986இல் இளையராஜாவின் 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' படங்கள் வந்தபோது கம்ப்யூட்டர் இசை என்று ஊரெல்லாம் பேச்சு. 1989இல் ரகுமான் கோடம்பாக்கத்தில் வீட்டோடு சொந்த ஸ்டூடியோ அமைத்தார், 1992இல் 'ரோஜா'. மற்றது உங்களுக்குத் தெரியும்.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

சின்னண்ணன் ரேடியோ மெக்கானிக். ஜங்ஷன் பக்கம் ஒரு சின்னக் கடை. உறவுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும், உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டும். சாயங்காலம் கடையை மூடிவிட்டு ஒரு மெல்லிசைக் குழுவில் வாசிக்கப் போவான். முதலில் மைக் செட் பார்க்கத்தான் போனான். எக்கோ பெட்டி, சுருதிப் பெட்டி எல்லாம் அவனே சர்க்யூட் படம் பார்த்து, ஈயம் பற்றவைத்துச் செய்தது. அப்புறம் கீபோர்டு வாசிக்க ஆள் வராத ஒரு நாள் அவனை உட்கார வைத்தார்கள், அப்படியே அவனுக்கு ஆனது. கோயில் திருவிழா, கல்யாணம் என்று சங்ககிரி, ராசிபுரம், நாமக்கல் வரை போவார்கள்.

1984இல் ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னை போய், பர்மா பஜாரில் கேசியோ ஒன்று வாங்கி வந்தான். சின்னது. கால்குலேட்டரும் வாத்தியமும் ஒன்றாக இருக்கும். நூறு சுரம் வரை அதில் பதித்து வைக்கலாம், தாளத்துக்குத் தனி பட்டன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "கணக்குப் போடற மெஷினுக்கு இவ்வளவு காசா?" என்று கேட்டார். அண்ணன் மோகனத்தை வாசித்துக் காட்டினான். அப்பா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அப்பாவைப் பொறுத்தவரை அது பாராட்டு.

அதற்குப் பிறகு பல இரவுகள் கடையிலேயே இருந்தான். கேசியோவின் தாளத்தை எக்கோ பெட்டி வழியாக விட்டு, மேலே மெட்டை வாசித்து, இரண்டு டேப் ரெக்கார்டரை வைத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றிப் பதிந்தான். சினிமாப் பாட்டு இல்லை, அவன் சொந்தமாகச் செய்தது. மோகனம், ஹிந்தோளம், ஆனந்த பைரவி என்று என்னிடம் சொன்னது ஞாபகம். அவனுக்கும் சரண்ஜித் சிங் பெயர் தெரியாது, ஜூபிடர் எல்லாம் கனவிலும் கண்டதில்லை. ஒரு கேசட்டின் ஒரு பக்கம் நிறைந்தது. மெல்லிசைக் குழுவில் போட்டுக் காட்டினான். "இதுக்கு யாருப்பா ஆடுவாங்க?" என்றார்களாம்.

நான் 1985இல் வேலையில் சேர்ந்தேன். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, முதல் பணியிடம். பிள்ளைகளுக்குப் பாட்டும் உச்சரிப்பும் சொல்லிக்கொடுக்க, என் குரலில் கேசட்டில் பதிந்து வகுப்பில் போட்டுக் காட்டலாம் என்று ஒரு யோசனை. புதிதாகச் சேர்ந்த ஆர்வம். மறுநாள் மேலதிகாரி பார்வைக்கு வருகிறார். இரவு ஒன்பது மணிக்குப் புது கேசட்டுக்கு எங்கே போவது? அண்ணனின் மேசையில் பெயர் எழுதாத ஒரு கேசட் இருந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் காதுகள் இருக்கும். ஒன்றை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மறுபடி பதிய முடியாது, ரெக்கார்டு பட்டன் அழுந்தாது. அழிந்துவிடக்கூடாது என்று நினைப்பதைத்தான் உடைத்து வைப்பார்கள். அந்த கேசட்டில் காது உடைந்திருந்தது. பார்த்தேன். கடையில் வாங்கிய ஏதோ பழைய சினிமா கேசட்டாக இருக்கும், அவைதான் காதில்லாமல் வரும் என்று நினைத்துக்கொண்டேன். ஓட்டையில் காகிதத்தை மடித்துத் திணித்துவிட்டுப் பதிந்தேன். டேப் ரெக்கார்டரில் பதிகிற முனைக்கு முன்னால் அழிக்கிற முனை ஒன்று இருக்கும். நாடா முதலில் அதைத் தொட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். நான் 'அணில், ஆடு, இலை, ஈட்டி' என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொல்ல, அண்ணனின் மோகனம் அழிந்துகொண்டே போனது.

பார்வைக்கு வந்தவர் பாராட்டிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். அண்ணன் கேசட்டைக் கையில் வாங்கிப் பார்த்தான், காகிதத்தை நகத்தால் எடுத்தான், திரும்பவும் அதே இடத்தில் வைத்தான். "பரவாயில்லை பாப்பா, பசங்களுக்குத்தானே" என்றான். அவன் திட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு அவன் சொந்தமாக எதையும் பதிந்து நான் பார்க்கவில்லை. என்னால்தானா, கல்யாணமும் குழந்தையும் வந்ததாலா, மெல்லிசைக் குழுக்களுக்கே வேலை குறைந்துபோனதாலா, தெரியாது. நான் கேட்கவில்லை. 2011இல் போய்விட்டான். பாருங்கள், சரண்ஜித் சிங்கின் தட்டு மறுபடி வெளிவந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, அவனுக்குக் காட்ட எங்களில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

ஆகவே தம்பி, நீ கேட்டதற்கு பதில். அப்பா வாசித்தது இப்படித்தான் இருந்தது, ஆனால் இவ்வளவு கம்பீரமாக இல்லை. கேசியோவின் சத்தம் மெல்லியது, கொசு பாடுகிற மாதிரி. தாளம் 'டிக் டிக்' என்று கடிகாரம்தான். ஆனால் மோகனத்தில் காந்தாரத்துக்கு வரும்போது ஒரு நொடி தாமதிப்பான். மெஷின் தாளம் முன்னே போய்விடும், அவன் பின்னால் வந்து சேருவான். அது சரண்ஜித் சிங்கிடம் இல்லை.

கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. நேற்று பரண் மேலிருந்து பச்சைப் பெட்டியை இறக்கச் சொல்லி எடுத்தேன். அறுபது நிமிட கேசட், அதாவது ஒரு பக்கம் முப்பது நிமிடம். என் பாடம் இருபது நிமிடத்துக்கு மேல் போயிருக்காது. அந்தப் பக்கத்தின் கடைசியில் அவன் வாசித்தது மிச்சம் இருக்க வேண்டும். இது அன்றைக்கே எனக்குத் தெரியும். போட்டுக் கேட்கத்தான் இத்தனை வருடம் மனம் வரவில்லை. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கிறது. உள்ளே இருக்கிற பஞ்சு அட்டை கழன்று ஆடுகிறது. கண்டபடி எதிலாவது போட்டால் அறுந்துவிடும் என்று பயம்.

என் பழைய மாணவர்களில் ஆடியோ சர்வீஸ் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் சேலத்திலேயே இருக்கிறீர்கள். ஐந்து ரோடு பக்கம், நாலு ரோடு பக்கம் யாரிடமாவது நல்ல நிலையில் கேசட் டெக் இருந்தால் சொல்லுங்கள், நானே கொண்டுவருகிறேன். ஒருமுறை ஓடினால் போதும், கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம் என்கிறான் அண்ணன் மகன். அவன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.

உறவுகளே, உங்களிடம் கேட்பது இது. 1984, 85இல் சின்னண்ணன் உங்களில் யாருக்காவது அந்தக் கேசட்டைப் பிரதி எடுத்துக் கொடுத்தானா? மேட்டூர் அத்தை வீட்டுக் கல்யாணத்தின்போது இரண்டு மூன்று கேசட்டுகளோடு போனான் என்று ஞாபகம். அட்டையில் பெயர் எதுவும் இருக்காது. பச்சை மையில் தேதி மட்டும் எழுதுவது அவன் வழக்கம். பழைய கேசட் பெட்டி யார் வீட்டிலாவது கிடந்தால், ஆக்கர்கடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். காது உடைந்ததாக இருந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள்.